கரும்பலகையில் எட்டு

எங்கள் ஊரில் வயதைக் கிடங்கை வைத்துத்தான் சொல்வார்கள். "நான் கிடங்குக்கு ஆறு வயசு மூத்தவன்" என்பார் ஒருவர். "எங்க சின்னவ ரெண்டாவது மெஷின் வந்த வருஷம் பொறந்தா" என்பார் இன்னொருவர். ஊருக்கும் கிடங்கின் வயதுதான், நாற்பத்தொன்று. அதற்கு முன் இங்கே இருந்தது இரண்டு சாலைகள் சேரும் ஒரு முக்கு, ஒரு பஞ்சர் கடை, கண்ணுக்கெட்டிய தூரம் உருளைக்கிழங்கு வயல். தோண்டிய வாரமே கிழங்கை விற்றுத் தள்ள வேண்டும். வைத்திருக்க இடம் கிடையாது. அடுத்த நடவுக்கு விதைக்கிழங்கு எங்கிருந்தோ லாரியில் வரும். பாதி வழியிலேயே அழுகியிருக்கும். மீதிக்கு அடிதடி.

முப்பத்திரண்டு குடும்பங்கள் சங்கம் வைத்துக் குளிர்கிடங்கைக் கட்டின. இரண்டு வரிசைச் செங்கல் சுவர், நடுவே ஒரு முழம் இடைவெளி, அந்த இடைவெளி முழுக்க உமி. உமியைத் தலையில் சுமந்து ஏணியேறிக் கொட்டியவர்கள் பெண்கள். "மூணு மாசம் தும்மினோம். புருஷன் கூப்பிட்டாக்கூடத் தும்மல்லதான் பதில் சொன்னோம்" என்று இன்றைக்கும் சிரிப்பார்கள். மரச்சட்டங்களில் நான்கு மாடி, முப்பதாயிரம் மூட்டை பிடிக்கும். கிடங்குக்கு ஆட்கள் வந்ததால் பஸ் நின்றது. பஸ் நின்றதால் டீக்கடை வந்தது. பிறகு பள்ளிக்கூடம், முடிவெட்டும் கடை, புதன்கிழமை மட்டும் வரும் டாக்டர். இப்போது நூற்றுப்பத்துக் குடும்பம் கிடங்கில் விதை வைக்கிறது.

கிடங்கின் கம்ப்ரசரை ஓட்டுபவரை ஊரே மெஷின்காரர் என்று கூப்பிடும். இருபத்திரண்டு வயதில் எண்ணெய் விட வந்தவர், இப்போது ஐம்பத்தைந்து. மெஷின் அறைக்கு ஒட்டிய இரண்டு அறை வீட்டில் குடியிருந்தார். மெஷினுக்கும் அவருடைய சமையலறைக்கும் ஒரே சுவர். அலமாரியில் பாத்திரங்கள் எந்நேரமும் மெல்ல அதிரும் என்பதால் அவர் மனைவி ஒவ்வொன்றின் அடியிலும் பழைய துணியை மடித்து வைத்திருந்தாள்.

அவருடைய வேலை பார்ப்பதற்குச் சுலபமாகத் தெரியும். மணிக்கொரு தடவை ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு உள்ளே போய் நான்கு மாடியிலும் வெப்பமானியைப் பார்ப்பார். வெளியே வந்து கதவோரக் கரும்பலகையில் எண்ணை எழுதுவார். மூன்று டிகிரி. எப்போதும் மூன்று. மூன்றரை ஆனால் எண்ணெய்க் கேனோடு ஓடுவார். மனைவிக்கும் அங்கேதான் வேலை. வந்து இறங்கும் மூட்டைகளின் வாயைக் கோணூசியால் தைப்பாள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நூல் நிறம். நிறம் போதாமல் போனபின் இரண்டு நிறம் சேர்த்து. தன் அண்ணன் வீட்டு இருநூறு மூட்டைக்குச் சிவப்பு. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அரைத் துண்டு நிலம் வைத்திருந்த, வருஷா வருஷம் ஏழே மூட்டை கொண்டுவரும் ஒரு விதவைக்கு மஞ்சளும் கறுப்பும். அந்த அம்மாளுக்கு ஊர் வைத்த பெயர் ஏழுமூட்டையக்கா. ஒரு வருஷம் எட்டு மூட்டை விளைந்தபோதும் பெயர் மாறவில்லை.

கோடையின் உச்சியில், காலை பதினோரு மணிக்கு மெஷின் மாடு இருமுவது போல ஒரு சத்தம் போட்டது. அப்புறம் இரும்பு இரும்பின்மேல் விழுந்தது. மெஷின்காரர் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே ஓடி அம்மோனியா வாயுக் குழாய்களை அடைத்தார். கண்ணில் நீர் வழிய மூடியைக் கழற்றிப் பார்த்தார். மெஷினைச் சுழற்றும் இரும்புத் தண்டு, கிராங்க் ஷாஃப்ட், இரண்டாக முறிந்து கிடந்தது.

இரண்டாவது மெஷின் ஒன்று இருந்தது. ஐந்தாறு வருஷமாக முதல் மெஷினுக்கு எது தேய்ந்தாலும் இரண்டாவதிலிருந்து கழற்றிக்கொண்டார்கள். இப்போது அது வெறும் கூடு.

அன்று மத்தியானம் கிடங்கு முற்றத்தில் ஊர் கூடியது. சங்கத் தலைவர் உரக்கடை வைத்திருப்பவர், எதையும் நிதானமாகக் கேட்பவர். மெஷின்காரர் பக்கம் திரும்பினார்.

"எத்தனை நாள் தாங்கும்?"

"கதவத் திறக்காம வெச்சா பத்து நாள் பக்கம் ஓட்டலாம். கெழங்கு உயிருள்ளது. உள்ள மூச்சு விட்டுக்கிட்டு இருக்கு. அந்தச் சூட்டுலயே தானா ஏறும். வெளிய வேற இப்படிக் காயுது."

"இப்பவே எடுத்துட்டா?"

"எடுத்து எங்க வைப்பீங்க? மூட்டையோட வெச்சா ரெண்டு நாள்ல வெந்துடும். நெழல்ல, காத்தாட, ஒத்த அடுக்காப் பரப்பணும். ஊர்ல இருக்கற கூரையெல்லாம் சேர்த்தாலும் பத்துல ஒரு பங்கு பரப்ப முடியாது."

"மாமியாரை வெளிய படுக்கச் சொன்னா எங்க வீட்டுல ரெண்டு மூட்டைக்கு எடம் இருக்கு" என்றார் முடிவெட்டுகிறவர்.

"ஒன் மாமியார் எடத்துக்கு அஞ்சு மூட்டை பரப்பலாமேய்யா" என்றது ஒரு குரல்.

சிரித்தார்கள். முதல் நாள் சிரிக்க முடிந்தது.

மெஷின்காரர் கரும்பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு சொன்னார்: "நான் ஒண்ணு சொல்றேன். நகரத்து லேத் பட்டறையில ஷாஃப்ட் கடைஞ்சு தர்றேன்னு போன்ல சொல்லிட்டாங்க. ரெண்டு நாள் வேலை. அதுவரைக்கும் யாரும் கதவக் கேக்காதீங்க. பலகையில பத்துன்னு எழுதற அன்னிக்கு நானே ரெண்டு கதவையும் திறந்து விட்டுடறேன். அவங்கவங்க மூட்டைய அவங்கவங்க எடுத்துக்குங்க. பத்து வரைக்கும் விதைக்கு ஒண்ணும் ஆகாது. அதுக்கு நான் பொறுப்பு."

ஊர் தலையாட்டியது. முப்பத்து மூன்று வருஷம் மூன்று என்று எழுதிய மனிதர் சொல்லும்போது என்ன பேச? அவர் மனைவியின் அண்ணன் முறிந்த துண்டுகளைச் சாக்கில் சுற்றித் தன் லாரியில் போட்டுக்கொண்டார். "மாப்ள, பட்டறைக்காரன் மடியிலயே ஒக்காந்து வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிக் கிளம்பினார். ஆறு மணி நேரப் பயணம்.

கூட்டம் கலைந்தபின் ஏழுமூட்டையக்கா மட்டும் நின்றாள்.

"தம்பி, என் ஏழையும் குடுத்துடுப்பா."

"இப்பத்தானேக்கா சொன்னேன்."

"கேட்டேன். ஊருக்குக் கூரை பத்தாது, நீ சொன்னது நெசம். எனக்குப் பத்தும்ல? கட்டிலத் தூக்கி வெளிய போட்டுட்டு வீடு பூராப் பரப்பிடுவேன். ஒத்த ஆளு. எங்க கால் வைக்கறதுன்னு நான் பாத்துக்கறேன்."

"ஒங்களுது மூணாவது மாடியில உள்தள்ளிக் கெடக்கு. எடுக்க அரை மணி நேரம் கதவு திறந்திருக்கணும். ஒங்களுக்குத் திறந்தா அடுத்த நிமிஷம் நூறு பேர் நிப்பாங்க. அப்புறம் மூட விடமாட்டாங்க. எல்லாருக்கும் போயிடும்க்கா."

அவள் கதவைப் பார்த்தாள். "சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

நாலாம் நாள் ஷாஃப்ட் வந்தது. பலகையில் ஆறு. மெஷின்காரர் குளித்துவிட்டு வந்துதான் அதைத் தொட்டார். மைத்துனரும் இன்னும் மூன்று பேரும் தூக்கிப் பிடிக்க, உள்ளே இறக்கினார்கள். பேரிங்கில் உட்காரவில்லை. மறுபடி தூக்கி இறக்கினார்கள். அரை விரல் அகலம் குட்டை.

பட்டறைக்காரன் முறிந்த இரண்டு துண்டையும் சேர்த்து வைத்து அளந்திருக்கிறான். முறிந்த இடத்தில் நொறுங்கிப் பொடியாய்ப் போனதைச் சேர்க்கவில்லை. அவனுக்கு எப்படித் தெரியும்? முழு நீளத்தை எழுதிக் கொடுத்திருக்க வேண்டியவர் மெஷின்காரர். மெஷினின் புத்தகம் வீட்டிலேயே, டிரங்குப் பெட்டியில், துணிக்கு அடியில் இருந்தது. அந்தப் பதற்றத்தில் அது ஞாபகமே வரவில்லை.

"என் தப்பு மச்சான்" என்றார். எண்ணெய்க் கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மைத்துனர் அதட்டினார். "எந்திரி மாப்ள. தப்பு கிப்புன்னு ஊர் காதுல விழற மாதிரி பேசாத. அளவ எழுதிக் குடு. மறுபடி போறேன். லாரிக்கு வழி தெரியும், நான் தூங்கினாக்கூட அதுவே போயிடும்."

மத்தியானச் சோற்றைக்கூடச் சாப்பிடாமல் போனார்.

சும்மா உட்கார்ந்திருக்க ஊரால் முடியவில்லை. மீன் துறைமுகத்திலிருந்து ஐஸ் கொண்டுவரலாம் என்று யாரோ கிளப்பினார்கள். ஒன்பது டிராக்டர் போயின. மறுநாள் காலை உமி மூடிய ஐஸ் பாறைகள் வந்து இறங்கின. ஊர் முழுதும் வரிசையில் நின்றது. பள்ளிக்கூட வாத்தியார்கள், டீக்கடைக்காரர், புதன்கிழமை என்பதால் டாக்டரும். சாக்கால் பிடித்துக் கை மாற்றிக் கை மாற்றிப் பக்கவாட்டுச் சின்னக் கதவு வழியாக உள்ளே தள்ளினார்கள்.

"ஈரம் ஆகாதுங்க" என்று மெஷின்காரர் ஆள் ஆளாய்ச் சொல்லிக்கொண்டு நடந்தார். "மரத்தளம் குடிச்சிடும். மூட்டைக்கு அடியில தண்ணி நின்னா சூட்டை விட மோசம்."

"அப்ப கையக் கட்டிக்கிட்டு நிக்கச் சொல்றியா?" என்று ஒருவர் கத்தினார். அவருடையது எண்ணூறு மூட்டை.

மெஷின்காரர் பாத்திரம் கொண்டுவரச் சொல்லி உருகுவதை மொண்டு வெளியே கொட்ட ஆட்களை நிறுத்தினார். ஏழுமூட்டையக்கா வரிசையின் கடைசியில் நின்றாள். முந்தானை நனைந்து உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனால் முகத்தில் சிரிப்பு.

"தம்பி, ஐஸ் உள்ள போற வழியில என் மூட்டை வெளிய வரலாமே" என்றாள்.

"இந்தக் கதவுல நீங்களே சைடா வந்தாத்தான்க்கா வரமுடியும். மூட்டை எப்படி வரும்?"

அவள் சிரித்தாள், பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். அன்று மாலை எண் ஏழிலிருந்து ஆறுக்கு இறங்கியது. டீக்கடைக்காரர் எல்லாருக்கும் சும்மா டீ கொடுத்தார். கை மரத்துப் போனவர்கள் கிளாஸை இரண்டு உள்ளங்கையிலும் உருட்டிக்கொண்டு நின்றார்கள். அந்த ஒரு மாலை ஊரில் ஏதோ ஜெயித்துவிட்ட மாதிரி பேச்சு.

ஏழாம் நாள் காலை மெஷின்காரர் நாலு மாடியும் ஏறிப் பார்த்தார். கீழே ஒன்பது. மேலே பதினொன்று. நடுவில் இரண்டும் பத்து. மூட்டைகளுக்கு நடுவே கையை விட்டுப் பார்த்தார், உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. இறங்கி வந்து சுண்ணக்கட்டியை எடுத்தபோது தலைவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"எவ்வளவு?"

"பத்து."

"மேல எழுதிடாத."

மெஷின்காரர் அவரைப் பார்த்தார்.

"ஒன் மச்சான் பேசினான். ஷாஃப்ட் முடிஞ்சுதாம். சூடுபடுத்தி ஆற வெச்சிருக்காங்க. சாயங்காலம் லாரி ஏத்திடுவானாம். நாளைக்குக் காலையில மெஷின் ஓடும். இன்னிக்குப் போயி பத்துன்னு எழுதினேன்னு வெச்சுக்க, ஒரு மணி நேரத்துல நூத்திப்பத்துக் குடும்பமும் கதவ மொச்சுக்கும். ஏணியில ஒருத்தர் மேல ஒருத்தர் விழுவாங்க. எடுத்ததெல்லாம் முற்றத்து வெயில்ல கெடக்கும். நாளைக்கு மெஷின் ஓடும்போது உள்ள குளிர வெக்க ஒண்ணும் இருக்காது. ஒரே ஒரு நாள்யா."

"நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"நானும் கூடத்தானே நின்னேன்? எட்டுன்னு எழுது. பாவம் என் தலையில."

தலைவர் சொன்னதில் எந்த இடத்தில் தப்பு என்று மெஷின்காரரால் சொல்ல முடியவில்லை. எட்டு என்று எழுதினார். எட்டின் கீழ்வட்டம் சரியாக மூடவில்லை. மேலே இன்னொரு தடவை இழுத்தார்.

அன்று மத்தியானம் மனைவி தட்டில் வேகவைத்த கிழங்கும் உப்பும் வைத்தபோது அவர் சாப்பிடாமல் கையால் உதிர்த்துக்கொண்டே சொன்னார்: "உள்ள பத்து."

அவளுக்கு விளங்கச் சற்று நேரம் ஆயிற்று. "பலகையில எட்டு இருக்கு."

"ஆமா."

"ஏங்க..."

"நாளைக்கு மெஷின் ஓடிடும்."

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "அண்ணிகிட்ட மட்டும் போய்ச் சொல்லிட்டு வரட்டுமா? அவங்க வீட்டுப் பின்னால பெரிய கொட்டகை இருக்கு. அம்பது மூட்டையாவது பரப்பலாம். எங்கண்ணன் நமக்காகத்தானே அங்க போய் பட்டறை வாசல்ல கெடக்கறான்?"

"மச்சான் வீட்டுக்கு மட்டும் சொன்னா நான் திருடன்."

"சொல்லாம இருந்தா மட்டும் என்னவாம்?"

கிழங்கு தட்டிலேயே ஆறியது.

நாலு மணிக்குக் கல் ரோட்டில் கடகடவென்று சத்தம் கேட்டது. ஏழுமூட்டையக்கா யாரிடமோ இரவல் வாங்கிய தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அது வெறும் வண்டியாகவே அவளுக்குக் கனத்தது. கதவருகில் நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு, கரும்பலகையைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"தம்பி, இன்னிக்கு எவ்வளவு போட்டிருக்க?"

மெஷின்காரர் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றார். முற்றத்தில் வேறு யாரும் இல்லை.

"நேத்து ராத்திரி மனசே சரியில்லப்பா. வீட்ட ஒழிச்சு, பெருக்கி வெச்சுட்டேன். கட்டிலு வெளிய கெடக்கு. இன்னிக்கு எடுத்துடலாம்னு பிடிவாதமா வந்துட்டேன். எவ்வளவுன்னு சொல்லு. பத்து ஆயிடுச்சுன்னா நான் திரும்பப் போகமாட்டேன்."

"எட்டுக்கா."

"எட்டா?"

"எட்டுதான். நாளைக்குக் காலையில மெஷின் ஓடிடும். மச்சான் வந்துக்கிட்டு இருக்காரு."

அவள் தன்னைப் பார்த்தே சிரித்துக்கொண்டாள். "நான் ஒரு மடச்சி. இந்த வெயில்ல இவ்வளவு தூரம் இதைத் தள்ளிக்கிட்டு வந்தேன் பாரு."

வண்டியைத் திருப்ப அவர் கைகொடுத்தார். திரும்பிப் போகும் கடகடச் சத்தம் பள்ளிக்கூட மூலை வரைக்கும் கேட்டது.

மாலை ஆறு மணிக்கு மைத்துனரின் போன் வந்தது. ஆற வைத்த ஷாஃப்டில் மயிரிழை விரிசல். புதிதாகக் கடைய வேண்டும். இன்னும் மூன்று நாள். போனைப் பிடித்திருந்த தலைவர் அதை மேசைமேல் வைத்துவிட்டு, வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இப்பவே திறந்துடலாம்" என்றார் மெஷின்காரர்.

"எட்டுன்னு போட்டுட்டு எப்படித் திறப்ப? காலையில ஒம்பதுன்னு போடு. அதுக்கு மறுநாள் பத்துன்னு போடு. ஜனங்க புரிஞ்சு வருவாங்க."

அப்படித்தான் செய்தார்கள். எட்டாம் நாள் காலை உண்மையில் பதின்மூன்று. பலகையில் ஒன்பது. ஒன்பதைப் பார்த்து ஊர் நிதானமாகக் கூரைகளை ஒழிக்க ஆரம்பித்தது. ஒன்பதாம் நாள் விடிந்ததும் மெஷின்காரர் கதவைத் திறந்தபோது உள்ளிருந்து வந்த காற்று சூடாக இருந்தது. மேல்தளத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கிழங்கு விட்ட மூச்சும் உருகிய ஐஸும் சேர்ந்த தண்ணீர். அடி மூட்டைகளிலிருந்து பழுப்பாய் ஒழுகியது. அந்த நாற்றத்தை எங்கள் ஊரில் யாரிடமும் விவரிக்க வேண்டியதில்லை.

அவர் இரண்டு கதவையும் விரியத் திறந்து வைத்தார். பலகையைத் துடைத்தார். எதையும் எழுதவில்லை.

மூன்று நாள் மூட்டை இறக்கினார்கள். எடுக்கும்போதே சாக்கின் அடி கழன்று விழுந்தது. வாயில் மட்டும் நூல் அப்படியே இருந்தது. மெஷின்காரரின் மனைவி முற்றத்தில் நின்று பச்சை, நீலம், வெள்ளையும் ஊதாவும் என்று வீட்டு வீட்டாகப் பிரித்துக் காட்டினாள். யாருடையது என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று யாரும் கேட்கவில்லை. அவரவர் மூட்டைக்குப் பக்கத்தில் அவரவர் உட்கார்ந்து கையை விட்டுத் துழாவினார்கள். நூற்றில் நாலைந்து கெட்டியாகக் கிடைத்தது. அதை மடியில் துடைத்துத் தனியாக வைத்தார்கள்.

"ஒரே ராத்திரியில ஏறிடுச்சு" என்று தலைவர் ஒவ்வொருவரிடமும் சொன்னார். "யாரு எதிர்பாத்தா?" மெஷின்காரர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் முப்பது வருஷமாக எழுதிய மூன்றையும் யாரும் நம்ப மாட்டார்கள் என்று தோன்றியிருக்கலாம். அல்லது வெறும் பயமாக இருக்கலாம். பிறகு அவரிடமே கேட்டோம். தெரியவில்லை என்றார்.

ஏழுமூட்டையக்காவின் மூட்டைகளை அவரே தோளில் வைத்து இறக்கினார். ஏழாவது மூட்டை பாதிப் படியில் பிய்ந்து அவர் முதுகெல்லாம் வழிந்தது. அவள் கீழே நின்று பார்த்தாள். "விடுப்பா. நீ என்ன பண்ணுவ" என்று சொல்லி, தன் முந்தானையால் அவர் கழுத்தைத் துடைத்துவிட்டாள்.

பதினோராம் நாள் மைத்துனர் ஷாஃப்டோடு வந்து சேர்ந்தார். முற்றம் முழுக்கக் குவியல். சிவப்பு நூல் குவியல்தான் கதவுக்கு மிக அருகில் இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார். ஒரு வாரத் தாடி. எப்போதும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கிறவர்.

"எங்க மாப்ள வைக்கணும்?" என்று மட்டும் கேட்டார்.

இந்தத் தடவை சரியாக உட்கார்ந்தது. முடுக்கினார்கள். மெஷின் ஓடியது, முன்பைவிட நன்றாகவே. வெளியே இருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். கால் மணி நேரம் ஓடவிட்டு மெஷின்காரரே நிறுத்தினார்.

மைத்துனர் அதன் பிறகு சண்டை போடவில்லை, வீட்டுக்கு வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். யாராவது சொன்னார்களா, அவராக ஊகித்தாரா, தெரியாது. கணவனுக்குச் சோறு போடும்போது மனைவி ஒருநாள் சொன்னாள்:

"எங்கண்ணன் வீட்டுக்குச் சொல்லாம இருந்தது நியாயம்னே வெச்சுக்கலாம். அந்தம்மா வண்டியோட வாசல்ல வந்து நின்னாங்க. கேட்டாங்க."

"கேட்டாங்க."

"நான் ஜன்னல்ல நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். நானும் வாயத் திறக்கல." தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். "சாப்பிடுங்க."

நடவு மாதம் வந்தது. மழையும் வேளைக்குப் பெய்தது. வயலெல்லாம் உழுது வைத்த மாதிரி பதமாகக் கிடந்தது. வெளியூர் விதை கேட்டுப் போனவர்கள் வெறும் லாரியோடு திரும்பினார்கள். அந்த வருஷம் எங்கேயும் மிச்சமில்லை. சிலர் சோளம் போட்டார்கள். சிலர் சும்மா போட்டார்கள். பதினான்கு குடும்பம் ஒவ்வொன்றாகக் கிளம்பியது. டாக்டர் ஒரு புதன் விட்டு ஒரு புதன் வந்தார், பிறகு வரவில்லை. முடிவெட்டும் கடையில் முதலாளியே நாற்காலியில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெஷின்காரர் காலையில் எழுந்து மெஷினைத் துடைத்தார். மத்தியானம் வந்து மறுபடி துடைத்தார்.

ஏழுமூட்டையக்கா கிளம்புகிறாள் என்று டீக்கடையில் சொன்னார்கள். மகள் எங்கோ பழம் தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை செய்கிறாளாம். அம்மாவுக்கும் அங்கே வேலை சொல்லியிருக்கிறாளாம். மெஷின்காரர் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனார். அவள் ஒரு தகரப் பெட்டி, ஒரு மூட்டைத் துணி, ஒரு தண்ணீர்ப் பாட்டிலோடு நின்றிருந்தாள்.

"நீ எதுக்குப்பா வேலையப் போட்டுட்டு வந்த?"

"வேலை எங்கக்கா இருக்கு."

பெட்டியை அவர் தூக்கிக்கொண்டார். பஸ் வரும் திசையைப் பார்த்தபடி அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

"அந்த நிலத்தை யாராவது பாத்துக்கச் சொல்லணும். களை மண்டிடும். மக திட்டறா தெரியுமா? வண்டி கொண்டுக்கிட்டுப் போனவ, வாசல் வரைக்கும் போனவ, எதுக்கும்மா திரும்பி வந்தன்னு கேக்கறா. அவ கேக்கறது சரிதானே? கட்டிலக்கூட வெளிய போட்டுட்டேன். எட்டா இருந்தா என்ன, ஆறா இருந்தா என்ன, குடுத்தாத்தான் போவேன்னு கதவப் புடிச்சுக்கிட்டு நின்னிருக்கணும். ரெண்டு மாசமா அதேதான் மண்டையில ஓடுது. திரும்பிப் போனேன் பாரு, மடச்சி மாதிரி."

பஸ் வளைவில் திரும்பியது.

"அக்கா, அன்னிக்கு எட்டு இல்ல."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"பத்து. காலையிலயே பத்து ஆயிடுச்சு. எட்டுன்னு எழுதி வெச்சிருந்தேன். ஒங்ககிட்டயும் எட்டுன்னு சொன்னேன்."

பஸ் வந்து நின்றது. நடத்துநர் பெட்டியை வாங்கி உள்ளே தள்ளினார். துணிமூட்டையையும் தள்ளினார். அவள் படியில் ஒரு கால் வைத்தபடி நின்றாள். தண்ணீர்ப் பாட்டிலை ஏறுவதற்காக அவரிடம் கொடுத்திருந்தாள்.

"பத்துல எடுத்திருந்தா, பொழைச்சிருக்குமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல நாக்கு வரையில் வந்ததாகப் பிறகு மனைவியிடம் சொன்னார்.

"ஒங்க ஏழும் பொழைச்சிருக்கும்க்கா."

"ஏறும்மா, நேரமாச்சு" என்றார் நடத்துநர்.

அவள் ஏறினாள். ஜன்னலோர இடம் கிடைத்தது. உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்து, முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவரைப் பார்க்கவில்லை.

"அப்ப நான் மடச்சி இல்ல" என்றாள், கம்பியிடம் சொல்வது போல.

விசில் அடித்தது. பஸ் நகர்ந்தது. அவர் நின்ற இடத்திலேயே நின்றார். பத்தடி போன பிறகுதான் பாட்டில் தன் கையில் இருப்பதைப் பார்த்தார். ஓடினார். ஐம்பத்தைந்து வயது, ஒரு கால் செருப்பு கழன்று விழ, பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டிக்கொண்டே ஓடினார். ஜன்னலை எட்டிப் பிடித்துப் பாட்டிலை நீட்டினார். அவள் கையை நீட்டி வாங்கினாள்.

"பாத்துப்பா" என்றாள். "விழுந்துடப் போற."